இல்லாத பிரேக்

ஞாயிற்றுக்கிழமை. பசியாறி முடித்து
ரொட்டி சானாய் எண்ணெய் படிந்த விரலால்
சாவியை என் பக்கம் தள்ளினார்,
பழைய கடனைத் திருப்பித் தருபவர்போல,
முகத்தைப் பார்க்காமல்.

வலக்கை மாவுக்கட்டில்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில்
பத்தொன்பது வருடம் கொள்கலன் இழுத்த கை.
கட்டின் மேல் லோகஷினி வரைந்த
ஊதா நிற ஆமை.

எனக்கு உரிமம் வந்து ஆறு வாரம்.
பின்கண்ணாடியில் புது ஓட்டுநர் வில்லை,
ஒரு மூலை இன்னும் ஒட்டவில்லை.

பாயா தெருபோங் அடுக்குமாடிகள்
துவைத்த துணிகளை ஆட்டிக்கொண்டே
பின்னுக்குப் போயின.
முதல் கொண்டை ஊசி வளைவு.
ஹோன் அடி என்றது பலகை.
ஹோன் அடி என்றார் இவர்.
"அடிங்கம்மா!" பின்னாலிருந்து தீபகேசன்.
அடித்தேன்.
எதிரே ஒரே ஒரு சைக்கிள்.
ஓட்டி வந்த சீனர் கையுயர்த்திச்
சிரித்தபடி இறங்கிப் போனார்.

இவருடைய வலக்கால்
தரைவிரிப்பை அழுத்துகிறது.
அங்கே பிரேக் இல்லை.
வளைவென்றால் கட்டைவிரல்,
லாரியென்றால் முழங்கால் வரைக்கும் விறைப்பு.
பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டேன்.

பிள்ளைகள் வளைவு எண்ணினார்கள்.
பதினேழில் லோகஷினி நிறுத்திவிட்டாள்.
கண்ணாடியில் அவள் முகம்
வெள்ளரிக்காய் நிறம்.
பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் பை என்று
மூன்று பேரும் கத்தி
கிடைத்தது என் கைப்பை.

ஓரம் கட்டினோம்.
கழுவத் தண்ணீர் ஊற்றினார், இடக்கையால்,
பாதி என் செருப்பில்.
கீழே பாலிக் பூலாவ்:
வயல், ஓட்டுக் கூரை, பள்ளிவாசல் குமிழ்,
அதற்கும் அப்பால் மேற்குக் கடல்,
யாரோ இஸ்திரி போட்டு வைத்ததுபோல.
"லாரிக்கு இந்த ரோட்டுல வேலையில்ல,"
என்றார் அவர்.
"நானும் இப்பத்தான் பாக்குறேன்."
நாங்கள் இந்தத் தீவில்தான் கல்யாணம் செய்தோம்.

ஊருக்குள் லக்சா.
குழம்பில் மீன் அதிகம், புளி அதைவிட.
வாந்தியெடுத்தவள் இரண்டு கிண்ணம்.
சாதிக்காய்ச் சாறு தொண்டையில் இறங்கும்போது
மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது;
தீபகேசன் மிச்சம் வைத்ததையும் நானே குடித்தேன்.

டுரியான் கடையில் விலை பேசினார்.
அறுபது வெள்ளி நாற்பத்தெட்டானது.
பிளக்கத்தான் ஒரு கை போதவில்லை.
கத்தியை வாங்கி
முள்ளுக்கு நடுவே வெடிப்பைத் தேடித்
திருகினேன். திறந்துகொண்டது.
முதல் சுளையை அவர் வாயில் வைத்தபோது
கடைக்காரப் பெண் வேறு பக்கம் திரும்பினாள்.

மறுபடி ஏற்றம்.
தித்தி கெராவாங்கில் அருவி மெலிந்திருந்தது,
குழாயை மறந்துபோய் மூடாமல் விட்டதுபோல.
இருந்தும் காலை நனைத்தோம்.
குரங்கொன்று உப்புப்பிளம் பொட்டலத்தைப்
பறித்துப்போய்ப் பாறைமேல் உட்கார்ந்து
ஒவ்வொன்றாகச் சப்பிக்
கொட்டையை எங்கள் பக்கம் துப்பியது.
தீபகேசன் அதற்குக் கைதட்டினான்.

பிறகு இறக்கம்.
நானாகவே கியரைக் குறைத்தேன்.
சொல்லத் திறந்த அவர் வாய்
கொட்டாவியாக முடிந்தது.

அணைக்கட்டு தாண்டி, தெலுக் பஹாங்.
"நாப்பத்தேழு வளைவு," என்றான் தம்பி.
"நாப்பத்தாறு. ஒண்ணுல நான் வாந்தியெடுத்தேன்,
அது கணக்குல வராது."
தீர்ப்புக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

பதில் இல்லை.
வாய் லேசாகத் திறந்து,
ஆமை மடியில் மல்லாந்து,
அடுத்தவர் ஓட்டும் காடியில்
ஒருநாளும் கண்ணயராத மனிதர்.

பத்து பெரிங்கியில் நெரிசல்.
இரவுக்கடைக்காரர்கள் இரும்புக் குழாய்களை
நட்டுக்கொண்டிருந்தார்கள்.
நகர்ந்தேன், நின்றேன், நகர்ந்தேன்.
பின்னால் எவனோ ஹோன் அடித்தான்.
பக்கத்தில் அந்தக் கால்
தரைவிரிப்பில் சாய்ந்து கிடந்தது,
கழற்றிப்போட்ட செருப்பு மாதிரி.

கடல் அவர் பக்க ஜன்னலில்தான்
கூடவே வந்தது, செக்கச் சிவந்து.
பிள்ளைகள் எழுப்பச் சொன்னார்கள்.
நான் எழுப்பவில்லை.